திருகாணியா, பசையா?
சுழற்சிப் பொருளாதாரமும் நமது வீட்டுப் பொருள்களும்

யாழ்ப்பாண நகருக்குத் தரைவழியாக வரும் பொருள்களிற் பெரும்பாலானவை அரியாலையைக் கடந்தே உள்ளே நுழைகின்றன. ஏ9 எனப்படும் கண்டி வீதியும், 2011 இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தின் வழியாக வரும் வீதியும், 2014 இல் மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கிய புகையிரதமும் நாவற்குழிப் பக்கத்தில் நெருங்கி வந்து, அங்கிருந்து அரியாலைக்குள் வருகின்றன. அரிசி, சீமெந்து, குளிர்சாதனப் பெட்டி, கைத்தொலைபேசி, பிஸ்கட், ஷம்பூ என்று லொறி லொறியாகப் பொருள்கள் இவ்வழியால் உள்ளே போகின்றன. வெளியே வருபவை எவை? வெங்காயம், புகையிலை, மீன், பழவகை. அவற்றோடு லொறி நிறையப் பழைய இரும்பு.

உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எடைபோட்டுப் பார்க்க முடிந்தால் பெரியதொரு வித்தியாசம் தெரியும். சாப்பிட்டதும் கட்டியதும் போக எஞ்சியது எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. குப்பை மேட்டிலும், வெறுங்காணியிலும், கடல்நீரேரிக் கரையிலும், வீட்டுக் கோடியிலும் கிடக்கிறது. 'எறிந்துவிட்டேன்' என்று நாம் சொல்வதன் உண்மையான பொருள், 'என் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்துவிட்டேன்' என்பதுதான்.

உலகம் இன்று பேசிக்கொண்டிருக்கும் 'சுழற்சிப் பொருளாதாரம்' என்ற கருத்து இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. அது என்ன சொல்கிறது, நம் வீட்டோடும் ஊரோடும் அதற்கு என்ன தொடர்பு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நேர்கோடும் வட்டமும்

நாம் இப்போது வாழும் முறை ஒரு நேர்கோடு. பூமியிலிருந்து மூலப்பொருளை எடுக்கிறோம், அதைப் பண்டமாகச் செய்கிறோம், பயன்படுத்தியபின் எறிகிறோம். எடு, செய், எறி. கோட்டின் ஒரு முனையில் சுரங்கம் வெறுமையாகிறது; மறு முனையில் குப்பை மேடு உயர்கிறது. 2017 ஏப்ரலில் கொழும்புக்கு அருகே மீத்தொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து வீடுகளின் மேல் விழுந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறந்திருக்கமாட்டோம். நேர்கோட்டின் மறுமுனை அதுதான்.

இந்தக் கோட்டை வளைத்து, முடிவைத் தொடக்கத்தோடு இணைத்தால் வட்டமாகும். ஒரு பண்டத்தின் ஆயுள் முடிந்ததும் அதன் பொருள்கள் அடுத்த பண்டத்துக்கோ மண்ணுக்கோ உணவாக வேண்டும். பொருளியலாளர் கென்னத் போல்டிங் 1966 இல் எழுதிய கட்டுரையொன்றில் பூமியை ஒரு விண்கலத்துக்கு ஒப்பிட்டார். விண்கலத்தில் வெளியிலிருந்து எதுவும் வராது. வெளியே எறியவும் இடமில்லை. 1976 இல் வால்டர் ஸ்டாகல், ஜெனவீவ் ரெடே என்ற இருவர் ஐரோப்பிய ஆணைக்குழுவுக்கு ஓர் அறிக்கை அளித்தனர். உற்பத்தியில் செலவாகும் சக்தியில் ஏறத்தாழ முக்காற் பங்கு இரும்பு, சீமெந்து போன்ற அடிப்படைப் பொருள்களை உண்டாக்குவதிலேயே போய்விடுகிறது. மனித உழைப்போ அதற்கு எதிர்மாறாக, பண்டத்தைச் செய்யும் கட்டத்திலேயே அதிகம் தேவைப்படுகிறது. ஆகவே பழுதுபார்த்துப் புதுப்பிப்பது சக்தியை மிச்சப்படுத்தும், வேலைவாய்ப்பைப் பெருக்கும் என்பது அவர்களின் வாதம்.

2005 இல் எலன் மெக்ஆர்தர் என்ற ஆங்கிலேயப் பெண் 71 நாள்களில் தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்து சாதனை படைத்தார். நடுக்கடலில் கையிலுள்ள உணவும் எரிபொருளும் தீர்ந்தால் வேறு வழியில்லை. 'எல்லைக்குட்பட்டது' என்ற சொல்லின் பொருள் அந்தப் படகில்தான் புரிந்தது என்று அவர் பின்னர் பல மேடைகளில் கூறியிருக்கிறார். 2010 இல் தம் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கிச் சுழற்சிப் பொருளாதாரத்தை உலகெங்கும் அறியச் செய்தவர் அவரே.

விண்கலமும் படகும் தொலைவான உவமைகள் என்றால், நமக்கு அருகிலேயே ஒன்று இருக்கிறது. அதுதான் குடாநாடு. இங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளில் தேங்கும் மழைநீரே நம் கிணற்று நீர். அந்தக் கல் வடிகட்டியைப் போன்றதன்று. துளைகளும் வெடிப்புகளும் நிறைந்தது. மேலே ஊற்றியது கீழே போய்ச் சேரும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 இல் பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடு வழங்குமாறு தீர்ப்பானது. வுழூச் செய்யும் நீரைக்கூட வீணாக்கக் கூடாது என்று சிறுவயதிலேயே கற்பிக்கப்பட்ட நமக்கு, அந்த நீர் இருக்கும் நிலத்தைக் காப்பதும் கடமையல்லவா?

ஓலையின் வட்டம்

சுழற்சிப் பொருளாதாரம் பொருள்களை இரண்டு வட்டங்களாகப் பிரிக்கிறது. ஒன்று உயிர் வட்டம்: மண்ணிலிருந்து வந்து மண்ணுக்கே திரும்புவது. மற்றது தொழினுட்ப வட்டம்: இரும்பு, செம்பு, கண்ணாடி, பிளாஸ்டிக் போன்று மண்ணில் உக்காதவை, மனிதர் கைகளுக்குள்ளேயே சுற்றவேண்டியவை.

முதலாவது வட்டத்துக்குப் பனையைவிடச் சிறந்த பாடம் வேண்டியதில்லை. பனையோலை முதலில் கூரையாகவோ வேலியாகவோ இருக்கும். சில ஆண்டுகளில் அது நைந்துபோனதும் குப்பையாவதில்லை. தோட்டத்தில் கிடங்கு வெட்டித் தாழ்க்கப்பட்டுப் பசளையாகும். பனம்பழத்தின் களி பனாட்டாகும். விதையைப் பாத்தியில் புதைத்தால் கிழங்கு கிடைக்கும். கிழங்கைப் பிடுங்கியபின் விதையைப் பிளந்தால் உள்ளே பூரான். அதையும் தின்றபின் எஞ்சும் ஊமல் அடுப்புக்கு விறகு. சாம்பல் மீண்டும் தோட்டத்துக்கு.

இங்கே கவனிக்க வேண்டியது ஒரு ஒழுங்கு. ஓலையை வெட்டிய உடனே பசளைக்குத் தாழ்ப்பவர் இல்லை. முதலில் அதிக மதிப்புள்ள வேலை, அது முடிந்தபின் அதற்கு அடுத்த வேலை, கடைசியாகத்தான் மண். ஒரு பொருளை அதன் மிக உயர்ந்த பயனில் இயன்றவரை நீண்டகாலம் வைத்திருப்பதே சுழற்சியின் முதல் விதி.

இந்த விதியை விளங்கிக்கொண்டால், பலரிடமுள்ள தவறான எண்ணமொன்று நீங்கும். சுழற்சிப் பொருளாதாரம் என்றால் மீள்சுழற்சி, அதாவது பழையதை உருக்கிப் புதிது செய்தல், என்றே பலர் நினைக்கின்றனர். உண்மையில் உருக்குவது கடைசிப் படி. வேண்டாததை வாங்காமலிருப்பது முதற்படி. உள்ளதை நீண்டகாலம் பாவிப்பது இரண்டாவது. பழுதுபார்ப்பது மூன்றாவது. ஒருவருக்கு வேண்டாததை இன்னொருவருக்குக் கொடுப்பது, பழைய பாகங்களைக் கொண்டு புதுப்பிப்பது ஆகியன அடுத்தவை. இவை எல்லாம் முடிந்தபின்தான் உருக்குதல். ஒரு கண்ணாடிப் போத்தலைக் கழுவி மீண்டும் நிரப்புவதற்குச் செலவாகும் சக்தி, அதை உடைத்து உருக்கி மறுபடி போத்தலாக்கும் சக்தியைவிட மிகக் குறைவு. வெறுஞ் சோடாப் போத்தலைக் கடையில் கொடுத்துப் போத்தற் காசைத் திரும்பப் பெற்ற நம் பெரியோர், பெயர் தெரியாமலே இந்த விதியைப் பின்பற்றியவர்கள்.

இரும்பின் வட்டம்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் நின்றது. பெற்றோலும் மின்கலமும் தடைசெய்யப்பட்டன. சவர்க்காரம் கிடைப்பதே அரிதாயிற்று. மக்கள் ஜாம் போத்தலில் பஞ்சும் திரியும் வைத்துச் சிறிதளவு மண்ணெண்ணெயில் விளக்கேற்றிப் படித்தனர். துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். பனங்களியால் உடுப்புத் துவைத்தனர். மொரிஸ் மைனர், ஒஸ்டின் போன்ற பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினர். அதே ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி, சில மணிநேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் கையில் கிடைத்ததோடு வெளியேற வேண்டியதாயிற்று. புத்தளத்துக் கிடுகுக் குடிசைகளில் அவர்களும் இருந்ததைக் கொண்டு வாழப் பழகினர். இந்த நாள்களை நாம் பெருமைக்குரிய முன்மாதிரியாகச் சொல்லலாகாது. அது துன்பம், யாரும் விரும்பி ஏற்ற எளிமையன்று. மண்ணெண்ணெய்ப் புகை நெஞ்சையும் கண்ணையும் கெடுத்தது.

ஆயினும் அந்நாள்களிலிருந்து கற்கக்கூடிய தொழினுட்பப் பாடம் ஒன்று உண்டு. அந்தக் கார்கள் ஏன் ஓடின? ஓட்டியவர்களின் கெட்டித்தனம் ஒரு காரணம். அவற்றின் அமைப்பு மற்றொரு காரணம். 1948 முதல் 1971 வரை செய்யப்பட்ட மொரிஸ் மைனரின் எஞ்சினைச் சாதாரணச் சாவிகளால் கழற்றலாம். எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேற்றரைக் கையால் திருத்தலாம். அமுக்க விகிதம் குறைவாதலால், பெற்றோலில் சூடாக்கித் தொடங்கிவைத்தால் தரங்குறைந்த எரிபொருளையும் அது தாங்கும். கணினியால் கட்டுப்படுத்தப்படும் இன்றைய கார் அவ்வாறு பணியாது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் எங்கோ ஒரு வரைமேசையில் ஒருவர் எடுத்த முடிவு, நாற்பது ஆண்டுகளின் பின் யாழ்ப்பாணத்தில் ஒரு நோயாளியை ஆசுபத்திரிக்குக் கொண்டு சேர்த்தது.

ஒரு பண்டம் குப்பையாகுமா, மீண்டும் பயன்படுமா என்பது பெரும்பாலும் அதை எறியும் நாளில் தீர்மானிக்கப்படுவதில்லை. அதை வடிவமைக்கும் நாளிலேயே தீர்மானிக்கப்படுகிறது.

நல்ல வடிவமைப்பின் இலக்கணம்

மீண்டும் பயன்படும் பண்டத்தை எப்படி இனங்காண்பது? வீட்டிலுள்ள பழைய தையல் இயந்திரத்தைப் பாருங்கள். 1877 இலேயே இலங்கைக்கு வந்துவிட்ட சிங்கர் இயந்திரங்களின் மாதிரிகள் சில இன்றும் பாட்டிமாரின் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதில் ஐந்து பண்புகளைக் காணலாம்.

முதலாவது, அதைத் திறக்கலாம். பாகங்கள் திருகாணியால் பூட்டப்பட்டவை, பசையால் ஒட்டப்பட்டவையல்ல. இரண்டாவது, முதலில் தேய்வது தனியாகக் கழலும். ஊசி முறிந்தால் ஊசி, பட்டி அறுந்தால் பட்டி. முழு இயந்திரத்தையும் மாற்றவேண்டியதில்லை. மூன்றாவது, பாகங்கள் பொது அளவுடையவை. எந்தக் கடையிலும் கிடைப்பவை. நான்காவது, அது செய்யப்பட்ட பொருள்கள் சில. இரும்பு இரும்பாகவும் மரம் மரமாகவும் பிரிந்துவிடும். ஐந்தாவது, அதன் இயக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே ஊரிலுள்ள ஒருவர் பார்த்துப் பழகித் திருத்துநராகலாம்.

தையற்காரரின் வேலையிலும் இதே அறிவு உண்டு. வளரும் பிள்ளைக்கு உடுப்புத் தைப்பவர் உட்தையலில் சற்றுத் துணி விட்டுத் தைப்பார்; கீழ்மடிப்பை அகலமாக மடிப்பார். அடுத்த ஆண்டு தையலைப் பிரித்து விட்டால் உடுப்பும் பிள்ளையோடு வளரும். எதிர்காலத்தை எண்ணி இன்றே இரண்டு அங்குலம் விட்டுவைப்பது. 'மீள்பாவனைக்கான வடிவமைப்பு' என்று நூல்கள் கூறுவதை இதைவிடச் சுருக்கமாக விளக்க முடியாது.

இப்போது இதற்கு நேர்மாறான ஒன்றைப் பாருங்கள்: ஷம்பூப் பக்கெற். தமிழ்நாட்டின் கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் போன்றோர் 1970களின் பிற்பகுதியில் இதைப் பரவலாக்கியபோது எண்ணம் நல்லதாகவே இருந்தது. போத்தல் வாங்க இயலாத ஏழையும் ஒரு தலைமுழுக்குக்கு வாங்கட்டும் என்பதே அது. ஆனால் அதன் உறை பல படைகள் ஒட்டிய தாள்: மேலே அச்சிட்ட பிளாஸ்டிக், நடுவே பல வகைகளில் மெல்லிய அலுமினியம், உள்ளே சூட்டில் ஒட்டும் இன்னொரு பிளாஸ்டிக். தனியாகக் கிடைத்தால் அலுமினியம் மதிப்புள்ள உலோகம். அதை உருக்கி மீண்டும் செய்வதற்கு, தாதுவிலிருந்து புதிதாக எடுக்கும் சக்தியில் ஏறத்தாழ 5 வீதமே போதும். ஆனால் பிளாஸ்டிக்கோடு ஒட்டிய அந்த மெல்லிய படையைப் பிரித்தெடுப்பது கட்டுப்படியாகாது. மண்ணுக்கும் திரும்பாது, உலைக்கும் திரும்பாது; இரண்டு வட்டங்களுக்கும் வெளியே நிற்கும் பொருள் அது. பருத்தியும் பொலியெஸ்ரரும் கலந்து நெய்த துணியின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

சட்டம் செய்வதும் செய்யாததும்

இலங்கை இத்துறையில் சில அடிகள் எடுத்துவைத்திருக்கிறது. 2017 செப்ரெம்பரில் மெல்லிய பொலித்தீன் பைகள், உணவு சுற்றும் தாள்கள், றெஜிபோம் பெட்டிகள் ஆகியன தடைசெய்யப்பட்டன. 2021 மார்ச் 31 முதல், உணவும் மருந்தும் தவிர்ந்த 20 மில்லிலீற்றர் அல்லது 20 கிராமுக்கு மேற்படாத பிளாஸ்டிக் பக்கெற்றுகள் தடைசெய்யப்பட்டன. அதே ஆண்டு எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றி மூழ்கியபோது ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளோடு இருந்தது. மேற்குக் கரையெங்கும் அவை பனிபோல் ஒதுங்கின. 2023 ஒக்டோபரில் ஒருமுறை பாவிக்கும் உறிஞ்சுகுழல், கரண்டி, பிளாஸ்டிக் பூமாலை, இடியப்பத் தட்டு ஆகியனவும் தடைப்பட்டியலில் சேர்ந்தன.

தடை வாசலை அடைக்கும், வழியைத் திறக்காது. வடிவமைப்பை மாற்றும் சட்டங்களை இப்போது வேறு நாடுகளில் காண்கிறோம். 2021 ஜனவரி முதல் பிரான்சில் கைத்தொலைபேசி, மடிக்கணினி முதலியவற்றை விற்கும்போது, அவற்றைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்பதைப் பத்துக்கு இத்தனை என்று புள்ளியிட்டுக் காட்டவேண்டும் என விதிக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசெம்பர் 28 முதல் புதிய கைத்தொலைபேசிகளுக்கு ஒரேவகைச் சார்ஜர் இணைப்பு கட்டாயமாயிற்று. 2027 பெப்ரவரி 18 முதல், கையடக்கச் சாதனங்களின் மின்கலத்தைப் பாவனையாளரே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்கவேண்டும் என்றும் அங்கு விதிக்கப்பட்டுள்ளது. பெரிய சந்தையொன்று இப்படிக் கேட்டால் அதே மாதிரிகள் நம் கடைகளுக்கும் வர வாய்ப்புண்டு.

இத்தகைய சட்டம் ஏன் தேவைப்படுகிறது? நீண்டகாலம் உழைக்கும் பண்டம் விற்பவருக்கு எப்போதும் இலாபமன்று. 1924 இல் உலகின் பெரிய மின்குமிழ் உற்பத்தியாளர்கள் ஜெனீவாவில் கூடி, குமிழின் ஆயுளை ஏறத்தாழ 1,000 மணித்தியாலமாகக் குறைத்து உடன்பாடு செய்துகொண்டனர். அதைவிட நீண்டகாலம் எரியும் குமிழ் செய்தவர்கள் தண்டம் செலுத்தவேண்டியதாயிற்று. இது வரலாற்றில் பதிவான செய்தி.

வட்டத்தைச் சுழற்றும் கைகள்

எந்தச் சட்டமும் தானாகப் பொருளைச் சுழற்றாது. அதற்கு மனிதர் வேண்டும். 2002 இல் பாதை திறந்தபின் திரும்பி வந்த யாழ்ப்பாண முஸ்லிம்களிற் பலர் கையிலெடுத்த தொழில் பழைய இரும்பு வியாபாரம். வீடு வீடாகச் சென்று, துருப்பிடித்த தகரத்தையும் உடைந்த கதிரையையும் எடைபோட்டு வாங்கித் தரம் பிரித்துத் தெற்கே அனுப்பினார்கள். அரியாலையைக் கடந்து வெளியே செல்லும் இரும்பு லொறிகளுக்குப் பின்னால் இருப்பது இவ்வுழைப்பு. ஆயினும் 'ஓட்டை உடைசல் பொறுக்குகிறவர்' என்ற ஏளனம் இன்றும் சில வாய்களில் இருக்கிறது. அப்படிப்பட்டவரின் பிள்ளை வகுப்பில் தகப்பனின் தொழிலைச் சொல்லத் தயங்குவதையும் ஆசிரியர்கள் அறிவர். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பட்டம் கொடுத்துக் கற்பிக்கும் துறையொன்றை எழுத்தறிவு குறைந்த ஒரு தகப்பன் தராசோடு நடத்திக்கொண்டிருக்கிறார் என்பதை அந்தப் பிள்ளைக்கு யாராவது சொல்லவேண்டும்.

அதே வேளையில் இத்தொழிலின் ஆபத்தையும் மறைக்கலாகாது. செம்புக்காக வயரை எரித்தால் அதன் பிளாஸ்டிக் உறையிலிருந்து நச்சுப் புகை எழும். பழைய வாகன பற்றரியை வீட்டு முற்றத்தில் உடைத்தால் ஈயம் மண்ணில் கலக்கும். அது சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அமிலம் கிணற்றுக்குப் போகும். வட்டம் சுழன்றால் மட்டும் போதாது. யாருடைய நுரையீரலையும் எரித்துச் சுழலக்கூடாது. வயரை எரிக்காமல் உரித்தெடுக்கும் கருவி, கையுறை, பற்றரியை முழுதாக ஒப்படைக்க முறையான இடம் ஆகியன ஆடம்பரங்களல்ல.

பழையதெல்லாம் நல்லது என்றும் கொள்ளலாகாது. மின்சாரத்தைக் குடிக்கும் பழைய குளிர்சாதனப் பெட்டியைப் பல ஆண்டுகள் வைத்திருப்பதைவிட மாற்றுவது சிக்கனமாகலாம். கணக்குப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

வாங்குமுன் கேட்கவேண்டியவை

பெற்றோரே, அடுத்த முறை வீட்டுக்கு மின்சாதனம் ஒன்று வாங்கும்போது விலையோடு வேறு நான்கு கேள்விகளையும் கேளுங்கள். இதைத் திறக்கலாமா? முதலில் பழுதாகும் பாகம் எது, அது தனியாகக் கிடைக்குமா? யாழ்ப்பாணத்தில் இதைத் திருத்துபவர் இருக்கிறாரா? வேண்டாதபோது யார் திரும்ப எடுப்பார்? நாலாயிரம் ரூபா கொடுத்து இரண்டு ஆண்டில் எறியும் மின்விசிறியைவிட, ஏழாயிரம் கொடுத்து எட்டு ஆண்டு பாவித்து, இடையில் ஒருமுறை ஆயிரம் ரூபாவுக்குத் திருத்தும் மின்விசிறி மலிவு. முன்னதற்கு ஆண்டொன்றுக்கு 2,000 ரூபா. பின்னதற்கு 1,000 ரூபா. 2022 இல் டொலர் இல்லாமல் இறக்குமதி முடங்கியபோது திருத்தக்கூடிய பொருளின் அருமையை வீடுகள்தோறும் உணர்ந்தோம். அந்த நினைவு மங்குமுன் அதைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

மாணவிகளே, உங்களுக்கு இதில் இன்னும் பெரிய இடமுண்டு. 2009 இல் அம்ஸ்ரடாமில் மார்டின் போஸ்ட்மா என்ற பெண் 'பழுதுபார்க்கும் கூடம்' ஒன்றைத் தொடங்கினார். அயலவர் உடைந்த பொருளோடு வருவர், தெரிந்தவர் தெரியாதவருக்குக் காட்டிக் கொடுப்பர். இன்று பல நாடுகளில் அத்தகைய கூடங்கள் இயங்குகின்றன. பாடசாலை மண்டபத்தில் தவணைக்கு ஒரு நாள் இதை நடத்த ஒரு மேசை, சில திருப்புளிகள், ஊசி நூல், தெரிந்த ஒருவர் போதும். உடுப்பின் கீழ்மடிப்பை இறக்கவும், மின்னழுத்தியின் வயரை ஆசிரியரின் மேற்பார்வையில் மாற்றவும், கிழிந்த புத்தகப்பையைத் தைக்கவும் அங்கே பழகலாம்.

அதற்கும் அப்பால் ஒரு பாதை இருக்கிறது. உயர்தரத்தில் 2013 முதல் தொழினுட்பப் பிரிவு உண்டு. பொறியியலோ பொதியிடலோ ஆடை வடிவமைப்போ கற்று, நாளை ஒரு தொழிற்சாலையின் வரைமேசை முன் நீங்கள் உட்காரக்கூடும். அங்கே, 'இந்த மூடியைப் பசையால் ஒட்டிவிடலாம், இரண்டு ரூபா மிச்சம்' என்று யாராவது சொல்வார்கள். அந்த மூடி ஒருநாள் ஏதோ ஓர் ஊரில் திறக்கப்பட வேண்டியிருக்கும். திறக்க முடியாவிட்டால் ஏதோ ஒரு கிணற்றுக்கு அருகில் கிடக்கும். அந்த ஊரை நினைத்து, 'இல்லை, திருகாணி போடுவோம்' என்று காரணத்தோடு சொல்லக்கூடிய ஒருவர் அந்த மேசையில் இருப்பது அவசியம்.